ஸ்ரீ எஸ். ஜி. கிட்டப்பா

நாமக்கல் மலையைக் குடைந்து நரசிங்கப் பெருமானை வடித்த சிற்பியின் பெயரை நாம் அறியோம். ஆயினும் அவனது கைத்திறனை இன்றும் கண்டு களிக்கின்றோம். பாடகனுக்கோ நெடுங்காலம் அப்பேறு வாய்க்கவில்லை. அவனுடைய உயிரோடு அவன் குரலும் ஒழிந்தது. கிராமபோன் என்னும் கருவி தோன்றிய பின்னரே அந்நிலை மாறிற்று. அக்கருவியால் நமக்குக் கிட்டிய பெருஞ்செல்வங்களுள் ஒன்று ஸ்ரீ கிட்டப்பாவின் சாரீரம்.

இவர், அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில், 1906-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் புதல்வராகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். குடும்பத்தின் வறுமை இவரைப் பள்ளிக்கு அனுப்பாமல் இளமையிலேயே நாடக மேடைக்கு அனுப்பிற்று. கன்னையா கம்பெனியாரின் தசாவதார நாடகத்தால் இவர் புகழ் நாடெங்கும் பரவியது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில், கடைசி வரிசையில் இருப்போர் செவிக்கும் எட்டுமாறு உச்ச ஸ்தாயியில் தடையின்றிச் சஞ்சரித்த குரல் அது.

நாமக்கல் வட்டாரத்திலிருந்து காவிரியைக் கடந்தால் கொடுமுடி. அவ்வூரிற் பிறந்த ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள் இலங்கையில் கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார்; 1927-ல் அவரையே மணந்தார். வள்ளி திருமணத்தில் இவ்விருவரும் எதிரெதிர் நின்று பாடியதைக் கேட்க ஊர்கள் திரண்டன. அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, இருபத்தேழே வயதில், கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாள் அன்றுமுதல் வெள்ளுடை பூண்டு வாழ்ந்தார்.

தமிழ்ப் பேசும்படம் 1931-லேயே வந்துவிட்ட போதிலும், கிட்டப்பா படம் எதிலும் நடிக்கவில்லை. ஆதலின், அவருடைய கலையில் நமக்கு எஞ்சியவை இசைத்தட்டுகளே. பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷமே கொள்ளும் அத்தட்டுகளில் எவரனி என்னும் தியாகராஜ கீர்த்தனமும், காயாத கானகத்தே முதலிய நாடகப் பாடல்களும் அடங்கியுள்ளன. விடியும்வரை நடந்த நாடகத்தின் ஒரு துளியே அது என்பதை நாம் மறத்தலாகாது.

பிற்காலத்தில் அரக்குத் தட்டுகளிலிருந்து ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் இப்பாடல்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இரைச்சல் குறைதல் நன்றே. ஆயின் ஊசியின் கரகரப்பும் குரலின் மேல் நாதங்களும் பெரிதும் ஒரே எல்லையில் ஒலிப்பன. ஒன்றை மிகுதியாக நீக்கப் புகுந்தால் மற்றதும் உடன் தேயும். பிருகாக்களின் கூர்மை மழுங்கி, குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போலாகும். வேகமும் கவனித்தற்குரியது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலவேண்டிய தட்டை 82 அல்லது 83 சுற்றாகச் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை உயரும். உச்ச ஸ்தாயிக்கே பேர்போன பாடகருக்கு இல்லாத உயரத்தை ஏற்றுவதும் ஒரு பொய்யே. உள்ள உயரத்தைத் தாழ்த்துவதும் பொய்யே.

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. ஆப்பெரா எனப்படும் மேனாட்டு இசைநாடகத்தில் ஒப்பற்று விளங்கிய கரூஸோ 1921-ல் மறைந்தார். 1932-ல் அவருடைய பழைய பதிவுகளின்மேல் புதிய வாத்தியக் கோஷ்டியைச் சேர்த்து வெளியிட்டனர். அதனால் வாத்தியம் செழித்தது. காலத்தின் உண்மை கலைந்தது. 1976-ல் வெளிவந்த மற்றொரு மறுபதிப்பில் ஸ்டாக்ஹாம் என்னும் அறிஞர் கணிப்பொறியின் துணைகொண்டு பழைய ஊதுகுழற் கருவி விளைத்த குறைகளை நீக்க முயன்றார். முன்னவர் புதியதொன்றைக் கூட்டினர். பின்னவர் கருவியின் குற்றத்தைக் கழிக்க முயன்றார். கூட்டுவதினும் கழிப்பதே கலைஞனுக்குச் செய்யும் மரியாதை என்பது நம் கருத்து. கழித்தலும் அளவோடிருத்தல் வேண்டும்.

ஆதலின் மாணவ நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. கிட்டப்பாவைக் கேட்கும்போது ஒரே பாடலின் இரண்டு பதிப்புக்களை அடுத்தடுத்துக் கேளுங்கள். இரைச்சல் சிறிது மிகினும் குரல் உயிரோடிருக்கும் பதிப்பையே தேர்ந்துகொள்ளுங்கள். வீட்டுப் பரணில் பழைய தட்டு இருப்பின் அதனை எறிந்துவிடாமல், செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாது காத்து வையுங்கள். இருபத்தேழு வயதில் மறைந்த ஒருவரின் எஞ்சிய ஆயுள் அத்தட்டுகளிலேயே இருக்கின்றது.