மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம்

தென் திருவிதாங்கூரின் மயிலாடி என்னும் சிற்றூரில் சாம்பவர் குலத்திற் பிறந்தவர் மகாராசன். இறைப்பற்று மிகுந்த அவர் சிதம்பரத்துக்கு யாத்திரை சென்றார். எத்தனை காதம் நடந்து சென்றாலும் கோயிலுக்குள் நுழைய நம்மவர்க்கு அந்நாளில் உரிமையில்லை. பின்னர்த் தஞ்சையில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, கோலாப் ஐயர் நடத்திய ஆராதனையிற் கலந்துகொண்டார். ஆங்கே மனம் மாறித் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

ஊர் திரும்பிய அவர், போதகர் வரட்டும் எனக் காத்திருக்கவில்லை. தம் இல்லத்திலேயே சுற்றத்தாரைக் கூட்டி வழிபாடு நடத்தினார். மணியுமில்லை, பீடமுமில்லை, கூடிவந்த மக்களே ஆலயம். ஆராதனையைக் குருவின் தொழிலென்றே கருதும் இளைஞர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஏளனமும் எதிர்ப்பும் சூழ்ந்த அம்மக்களை நிலைநிறுத்தியது அவ்வீட்டு வழிபாடே என்பது எம் கருத்து.

அவர் அழைப்பையேற்று ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் மயிலாடி வந்தார். 1809-இல் ஆலயம் எழுந்தது, பள்ளியும் தொடங்கிற்று. திருமறையைத் தாமே வாசிக்க வேண்டுமென்ற வேட்கை, வழிபட வந்தோரை எழுத்தறிவுக்கும் அழைத்துச் சென்றது.

உடல்நலங் குன்றிய ரிங்கல்தௌபே 1816-இல் விடைபெற்றபோது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். மீட் ஐயர் வந்து சேரும் வரை அவரே சபைகளைக் கட்டிக்காத்தார். 1827-இல் இறைவனடி சேர்ந்தார்.