பாகவதர் வாழ்வு உணர்த்தும் வாய்மை விரதம்

கொல்லாமையை உயிரினும் மேலாகப் போற்றும் நம் சமுதாயத்தார், சொல்லாலும் கொலை நிகழும் என்பதைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம். இவ்வுண்மையை எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

பாகவதர் 1910ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் மாயவரத்தில் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். குடும்பம் திருச்சிராப்பள்ளியில் குடியேறியது. அங்கே, சிறுவனாக இருந்த அவரை அரிச்சந்திரன் நாடகத்தில் உலோகிதாசன் வேடத்தில் மேடையேற்றினார் எப்.ஜி. நடேச ஐயர். பொய்யாமைக்காக அனைத்தையும் இழந்த மன்னனின் கதையில் அவருடைய கலை வாழ்வு தொடங்கியது.

1934இல் வெளிவந்த பவளக்கொடி அவருடைய முதல் படம். சிந்தாமணி, அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி எனப் புகழ் பெருகியது. செல்வமும் குவிந்தது. அவர் பொற்றட்டில் உணவருந்தினார் என்று மக்கள் வியந்து பேசினர்.

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியாயிற்று. சென்னை பிராட்வே திரையரங்கில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. எங்கள் டோல்கேட் பகுதியிலிருந்தும் இராயபுரத்திலிருந்தும் மக்கள் திரள்திரளாகச் சென்று அதனைக் கண்டதாக என் தந்தையார் கூறக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் படம் ஓடிய காலத்தின் பெரும்பகுதியை அதன் நாயகர் சிறையில் கழித்தார்!

இதற்குக் காரணம் யாது? அக்காலத்தில் சி.என். இலட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது, பின்னர் இந்து நேசன் ஆகிய இதழ்களை நடத்தி வந்தார். முன்னர்ப் பொய்ப் பத்திரம் புனைந்த குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர் அவர். கலைஞர்கள், செல்வந்தர்கள் ஆகியோரின் அந்தரங்கங்களை அவ்விதழ்களில் அவதூறாக எழுதி வந்தார். பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கோவைப் படத் தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் முறையிட்டு, சினிமா தூது இதழின் உரிமத்தை நீக்கச் செய்தனர்.

1944 நவம்பரில் வேப்பேரியில் கைரிக்ஷாவில் சென்ற இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டுப் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைதாயினர். 1945 மே மாதம் உயர்நீதிமன்றத்தில் ஜூரிகள் குற்றவாளிகள் எனக் கூற, இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாயுடு விடுதலை பெற்றார். மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. அங்கிருந்து மறு ஆய்வுக்கு அனுப்பப்பட்ட பின், 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

அவ்வாறாயின் கொலைக்குப் பின்னிருந்தவர் யார்? இன்றளவும் தெளிவு பிறக்கவில்லை. போட் மெயில் ரயிலில் செல்வந்தர் ஒருவர் கொலையுண்ட மர்மத்தை இலட்சுமிகாந்தன் அறிந்திருந்தார் என்றும், அதனை மூடி மறைக்கவே அவர் கொல்லப்பட்டார் என்றும் ஒரு பேச்சு நெடுநாள் உலவியது. மெய்ப்பிக்கப்படாத பேச்சைக் கொண்டு இன்னொருவரைக் குற்றம் சாட்டினால், நாமும் அந்த இதழ்களின் வழியிலேயே நடந்தவராவோம்.

விடுதலைக்குப் பின் பழைய வாழ்வு திரும்பவில்லை. வழக்கில் செல்வம் கரைந்தது. ராஜ முக்தி முதலிய படங்கள் முன்போல் வெற்றி பெறவில்லை. நீரிழிவு நோயால் கண்ணொளி மங்கியது. 1959 நவம்பர் 1ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில், சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் மறைந்தார். இலட்சுமிகாந்தன் இறந்ததும் அதே மருத்துவமனையில்தான்.

நம் தத்துவார்த்த சூத்திரம், வாய்மை அணுவிரதத்திற்குக் கேடு செய்யும் ஐந்து குற்றங்களைக் கூறுகிறது. பிறர் மறைவை வெளிப்படுத்துதலும் பொய்யாவணம் எழுதுதலும் அவற்றுள் அடங்கும். இலட்சுமிகாந்தன் செய்தவை இவ்விரண்டுமே. எனினும் அவதூறு எழுதியவரைக் கொல்வது எவ்வகையிலும் அறமாகாது. உரிமத்தை நீக்கக் கோரி முறையிட்டதே நேரிய வழி. கத்தியெடுத்தவர் ஓருயிரைப் போக்கியதோடு, பல குடும்பங்களின் வாழ்வையும் சிதைத்தார்.

சிராவக சிராவகியரே! அடுத்த வீட்டாரைப் பற்றி ஒரு செய்தி நம் செவிக்கு வரும்போது, அது மெய்தானா, சொல்வதால் எவருக்கேனும் நன்மை உண்டா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைக் கற்பிப்போம். நாவடக்கமும் அகிம்சையே.