கொடுமுடிக் கோகிலம்

காவேரியின் கிழக்குக் கரையில் நமது நாமக்கல் சீமை. மேற்குக் கரையில் கொடுமுடி. நடுவே ஆறு ஒன்றுதான். அந்தக் கொடுமுடியில் பிறந்து, இரயில் வண்டியில் பாடிப் பிழைத்து, பின்பு தமிழ்நாடு முழுவதும் தன் குரலால் ஆண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றை இந்த வாரம் நம் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர்தான் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். வீட்டில் வயதான பாட்டிமார் இருந்தால், ஔவையார் வேஷத்தில் கோலூன்றி நடந்து வந்த அந்த உருவத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சுந்தராம்பாள் பிறந்தது 1908-ஆம் ஆண்டில். தாயின் பெயர் பாலாம்பாள். கனகசபாபதி, சுப்பம்மாள் என்று உடன்பிறந்தார் இருவர். குடும்பத்தைத் தாங்க ஆண் துணை இல்லை, நிலபுலமும் இல்லை. அடுப்பு மூட்டாத நாட்கள் பல. ஆனால் இந்தப் பெண் குழந்தைக்குக் கடவுள் ஒரே ஒரு சொத்தைக் கொடுத்திருந்தார், அதுதான் குரல். ஈரோட்டிலிருந்து திருச்சிக்குப் போகும் இரயில் பாதை கொடுமுடி வழியாகத்தான் செல்கிறது. அந்த வண்டியில் ஏறிப் பாடினாள் சிறுமி. பிரயாணிகள் காலணாவும் அரையணாவும் போட்டார்கள். அதைக்கொண்டு வீட்டில் கஞ்சி காய்ந்தது.

எத்தனையோ பேர் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். காசு போட்டவரும் உண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் உண்டு. ஒருவர் மட்டும் நின்று கேட்டார். இரயில்வே அதிகாரியாக இருந்தவரும், நாடகக் கலையில் தேர்ந்தவருமான எஃப். ஜி. நடேசய்யர்தான் அவர். இந்தக் குரல் இரயில் பெட்டியில் வீணாகக் கூடாது என்று எண்ணி, நாடக உலகுக்கு வழி காட்டினார். சிறுமி வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்தாள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த பிள்ளையின் வேஷம் கிடைத்தது. பசி என்றால் என்னவென்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பாடக் கேட்டுக் கொட்டகையே கண்ணீர் விட்டது என்பார்கள்.

அந்நாளைய நாடகம் இன்றைய கச்சேரி மேடையைப் போன்றதல்ல. ஒலிபெருக்கி கிடையாது. திருவிழாத் திடலிலோ, அறுவடை முடிந்த வயலிலோ கொட்டகை போடுவார்கள். இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் வண்டி பூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றுடன் வருவார்கள். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். சுந்தராம்பாளின் குரல் எட்டியது. எத்தனை உயரத்துக்குப் போனாலும் ஒரு சொல்லும் சிதையாது; எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் பாட்டின் பொருள் விளங்கும். அவருடைய பெருமைக்கு அதுவே காரணம்.

ஸ்பெஷல் நாடகம் என்று அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெயர்பெற்ற நடிகர்களை ஓரிரவுக்கென்று தனித்தனியே பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் எழுதிய பாடமும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் மேடையில் அப்போதைக்கப்போது தோன்றும் சாமர்த்தியம். வள்ளி வேஷம் போட்டவர் ஒரு பாட்டு எடுத்தால், எதிரே நிற்பவர் அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும். சுந்தராம்பாளுக்கு ஈடு கொடுக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று.

சிறு வயதிலேயே இலங்கைக்குச் சென்று நடித்துப் புகழ் பெற்றார். பிறகு 1926-இல் கொழும்பு மேடையில் ஈடு கொடுக்கும் குரல் ஒன்று வந்து சேர்ந்தது. அவர் செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா. இருவரும் சேர்ந்து பாடிய நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. 1927-இல் இருவரும் தம்பதிகளாயினர். கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே மணமாகியிருந்தது. ஆகவே இந்த வாழ்க்கையில் இன்பத்தோடு துன்பமும் கலந்தே வந்தது. மனஸ்தாபங்கள் நேர்ந்தன, பிரிந்திருக்கவும் நேர்ந்தது. அந்நாட்களில் அம்மையார் தம் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. கோபமும், தாபமும், விட்டுக்கொடாத அன்பும் அவற்றில் தெரிகின்றன.

1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு இருபத்தெட்டு வயது நிறையவில்லை. சுந்தராம்பாளுக்கோ இருபத்தைந்து வயதுதான். அவர் வெள்ளைப் புடவை உடுத்தார், நகைகளைக் களைந்தார், மேடையை விட்டு விலகிக் கொடுமுடியில் ஒடுங்கினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நாடகக்காரி என்றாலே இளப்பமாகப் பேசிய காலம் அது. இந்த உறுதி நான்கு நாளைக்குத்தான் என்று ஏளனம் செய்தவர்கள் இருந்திருக்கக்கூடும். அவர் அதை 47 ஆண்டுகள், சாகும்வரை காத்தார்.

ஆனால் துக்கம் அவருடைய குரலைப் புதைத்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தேசத்தின் விடுதலை இயக்கம் அவரை அழைத்தது. காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் அவரைப் பொதுமேடைக்குக் கொண்டு வந்தார்கள். கதரும் சுதந்தரமும் பற்றிய பாட்டுகள் அவர் குரலில் கிராமம் கிராமமாகப் பரவின. மணிக்கணக்கான பிரசங்கம் செய்யாததை அவருடைய ஒரு பாட்டு செய்தது. காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்ததையும், தங்கத் தட்டில் உணவு படைத்தபோது அந்தத் தட்டையே தேச நிதிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டதையும் அவ்வூரார் கதையாகச் சொல்வதுண்டு.

இதற்குள் பேசும் படம் வந்துவிட்டது. நந்தனாராக நடிக்கும்படி அவரை அழைத்தார்கள். அவர் மறுத்தார். எப்படியாவது விட்டுத் தொலைவார்கள் என்று எண்ணி, ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அதையும் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள்! பள்ளி ஆசிரியர்கள் மாதம் சில பத்து ரூபாய் சம்பளத்தில் குடும்பம் நடத்திய காலத்தில் இது கேட்டவரை மலைக்க வைத்தது. 1935-இல் நந்தனார் படம் வெளிவந்தது. ஆண் வேஷம் ஆகையால் அவருடைய உறுதிக்கும் பங்கமில்லை. கோயில் வாசலுக்குள் அனுமதிக்கப்படாத ஓர் ஏழைத் தொழிலாளியின் ஏக்கத்தை, ஒரு காலத்தில் இரயிலில் கையேந்திய பெண் பாடினார்.

அதற்குப் பின்னும் அவர் ஏற்றவையெல்லாம் அந்த உறுதிக்கு உட்பட்ட வேஷங்களே. 1940-இல் துறவியான மணிமேகலை. 1953-இல் ஜெமினி ஸ்தாபனத்தார் எடுத்த ஔவையார். 1964-இல் பூம்புகாரில் கவுந்தியடிகள். 1965-இல் திருவிளையாடலில் மறுபடியும் ஔவையார். இளமையும் அலங்காரமும் இல்லாமல் ஒரு நடிகை சினிமாவில் நிலைக்க முடியாது என்பவர்களுக்கு, நரைத்த தலையோடும் ஒரு கோலோடும் அவர் பதில் சொன்னார்.

1950-களில் அவர் சென்னைச் சட்ட மேல்சபையில் உறுப்பினரானார். 1969-இல் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் தளரவில்லை. 1970-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ பட்டம் அளித்தது. 1980-ஆம் ஆண்டில் அவர் காலமானார். எவ்வளவு உயர்ந்தும் பிறந்த ஊரை அவர் உதறவில்லை. தம் பெயரின் முதல் எழுத்திலேயே கொடுமுடியைக் கடைசிவரை சுமந்தார். கொடுமுடிக் கோகிலம் என்றே நாடு அவரை அழைத்தது.

அன்பார்ந்த பெற்றோரே, இந்த வாழ்க்கையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை இரண்டு. இருபத்தைந்து வயதில் விதவையான ஒரு பெண், தன் துக்கத்தையும் மதித்தாள். தனக்குக் கிடைத்த வரத்தையும் மதித்தாள். ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிடவில்லை. நம் தெருவிலும் இளம் வயதில் துணையை இழந்த பெண்கள் உண்டு. அவர்கள் மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமா, அல்லது அவர்கள் கைத்தொழிலும் திறமையும் மறுபடி துளிர்க்க இடம் கொடுக்கிறோமா?

இரண்டாவது, அந்த இரயில் பெட்டி. காசு போட்டவர்கள் அன்றைய பசியைத் தீர்த்தார்கள். அது நல்ல காரியமே. நின்று கேட்டு வழிகாட்டிய ஒருவரோ அந்தக் குழந்தையின் ஆயுள் முழுவதற்கும் உதவினார். இனி பஸ் நிலையத்திலோ இரயிலிலோ ஒரு குழந்தை பாடிக்கொண்டு கையேந்தி வந்தால், காசைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் நின்று, அதன் பெயரைக் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகிறாயா என்று விசாரியுங்கள்.