மைனர் வண்டியைச் சமைத்த அலெக் இஸிகோனிஸ்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலும், ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் வீதியிலும், வட்ட முகமுடைய மொறிஸ் மைனர் வண்டிகளை இன்றும் காணலாம். தோட்டப் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் கந்தோர்களிலும் கடமை ஏற்று மலைநாடு சென்ற நம் பழைய மாணவர்கள் இவ்வண்டியை நன்கறிவர். கொழுந்து லொறிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, மூச்சிரைத்து மேடேறி, விடுமுறைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வரை வந்து சேர்ந்த வண்டி அது.

அவ்வண்டிகளுட் பலவற்றின் பொனற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது மொறிஸ் எஞ்சின் அன்று, யப்பானிய எஞ்சின். இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் பழம்பொருட் பிரியர் உளர். தொழிற்சாலையில் வைத்த எஞ்சின் நீங்கினால் வண்டியின் உயிரே நீங்கிற்று என்பது அவர் கொள்கை. எமக்கு அக்கொள்கையில் உடன்பாடில்லை. காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. அவ்வண்டியை ஆக்கியவருடைய வரலாற்றிலேயே அது கிடக்கின்றது.

அலெக் இஸிகோனிஸ் 1906ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி சிமிர்னா நகரிற் பிறந்தார். இன்று இஸ்மிர் என வழங்கும் அத்துறைமுகம் அக்காலத்தில் உதுமானிய அரசுக்குட்பட்டிருந்தது. தந்தையார் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர். கப்பல் எஞ்சின்கள் சம்பந்தமான தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். தாயார் ஜேர்மனிய வழியினர். சிறுவன் அலெக் எஞ்சின்களின் ஓசை கேட்டே வளர்ந்தான். 1922இல் கிரேக்க - துருக்கியப் போர் சிமிர்னாவை விழுங்கியபொழுது, பிரித்தானியக் கப்பல்கள் அக்குடும்பத்தை மோல்ற்றாத் தீவுக்கு ஏற்றிச் சென்றன. தொழிற்சாலையும் வீடும் போயின. தந்தையாரும் சிறிது காலத்துள் இறந்தார். 1923இல், பதினாறு வயது மகனும் விதவைத் தாயும் லண்டன் மாநகரை அடைந்தனர். தாயார் 1972இல் மறையும்வரை மகனோடேயே வாழ்ந்தார்; மகன் மணஞ்செய்து கொள்ளவில்லை.

பற்றர்சீத் தொழினுட்பக் கல்லூரியிலே எந்திரவியல் கற்ற இஸிகோனிஸ், கணிதப் பரீட்சையில் மும்முறை தவறினார். தூய கணிதத்தைப் படைப்பாற்றலின் பகையென்றே அவர் இறுதிவரை எண்ணினார். நம் கல்லூரியிற் கணிதத்தோடு பிணக்குக்கொண்ட மாணவர் இதனைத் தமக்குச் சாட்சியாக எடுத்துக்காட்டக்கூடும். அங்ஙனம் காட்டுவோர், அவர் படம் வரைவதில் ஒப்பற்றவர் என்பதையுஞ் சேர்த்துக் காட்டுதல் முறை. கையிற் கிடைத்த தாளிலே அவர் கோடிட்டுக் காட்டிய உருவங்களைக் கொண்டே கம்மியர் உறுப்புக்களைச் செய்தனர்.

அக்காலத்து இங்கிலாந்திலே பணமில்லாத இளைஞரின் பந்தய வண்டி ஒஸ்ரின் செவின். மலிவானது, சிறியது, எவரும் கழற்றிப் பூட்டக்கூடியது. 1930 அளவில் இஸிகோனிஸ் அவ்வகைப் பந்தய வண்டி ஒன்றை வாங்கினார். வாங்கியதை வாங்கியபடி ஓட்டும் இயல்பு அவருக்கில்லை. முன்னச்சையும் ஸ்பிறிங்குகளையும் மாற்றினார், பாரத்தைக் குறைத்தார். குறைத்துக்கொண்டே போனதில், பழைய வண்டியைத் திருத்துவதிலும் புதியதொன்றைக் கட்டுவதே எளிது என்னும் முடிவுக்கு வந்தார்.

நண்பர் ஜோர்ஜ் டௌசனும் அவரும் சேர்ந்து, 1930களின் நடுப்பகுதியில், ஒரு சிறு கராஜிலே அவ்வேலையைத் தொடங்கினர். மின்கருவிகள் இல்லை, வாளும் அரமும் கைத்துளையுமே துணை. வேலை பல ஆண்டுகள் நீண்டது. அக்காலத்து வண்டிகளுட் பெரும்பாலானவற்றுக்குக் கனத்த இரும்புச் சட்டகம் அடியிலே கிடக்கும். உடல் அதன்மேல் ஏறியிருக்கும். இவர்களோ சட்டகத்தையே நீக்கிவிட்டனர். ஒட்டுப்பலகையின் மேல் அலுமினியத் தகடு பொருத்திய இரு பக்கச் சுவர்களே பாரத்தைத் தாங்கின. எஃகு ஸ்பிறிங்குக்குப் பதிலாக இறப்பர் வேலை செய்தது. முழு வண்டியும் ஏறக்குறைய 600 இறாத்தலே நிறுத்தது. அதற்கு இலேசு வண்டி எனப் பொருள்படும் பெயரையே இட்டனர். போருக்கு முன்னும் பின்னும் பிறெஸ்கொற் முதலிய மலையேற்றப் பந்தயங்களில் அது ஓடிற்று. தொடக்கத்தில் ஒஸ்ரின் எஞ்சின் இருந்தது. பின்னர் அதையும் எடுத்துவிட்டு வேறோர் எஞ்சினை ஏற்றினர். தம் கையாற் செய்த வண்டிக்கே எஞ்சின் மாற்றியவர் இஸிகோனிஸ். இதை மைனர்ப் பிரியர்கள் மறந்துவிடலாகாது.

இவ்வண்டி வளர்ந்துகொண்டிருக்கையில், 1936இல், அவர் ஒக்ஸ்போட் நகருக்கு அண்மையிலுள்ள மொறிஸ் நிறுவனத்திற் சேர்ந்தார். போர்க்காலத்தில், வேறு வேலைகளுக்கிடையே, சாதாரண மக்களுக்குரிய சிறு வண்டி ஒன்றை வரையத் தொடங்கினார். மொறிஸ் மைனர் அதுவே. இதற்கென அவர் எண்ணியிருந்த எஞ்சின், சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடக்கும் தட்டையான நான்கு சிலிண்டர் எஞ்சின். அது அகலமானது; ஆகவே அதற்கு இடமளிக்குமாறு முன்பகுதியை விசாலமாக வரைந்தார். செலவும் காலமும் போதாமையால் நிறுவனம் அவ்வெஞ்சினைக் கைவிட்டது. பழைய மொறிஸ் எயிற் வண்டியின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினைத் தூக்கி அவ்விடத்தில் வைத்தது. அகலமான தொட்டிலிலே ஒல்லியான பிள்ளை! பிறக்கும்போதே மைனருக்கு எஞ்சின் மாறிவிட்டது. மிச்சமாக நின்ற அவ்விடந்தான் பிற்காலத்தில் நம் மலைநாட்டு மெக்கானிக்குகளுக்குக் கைகொடுத்தது.

வண்டியின் அகலமும் இறுதி வேளையில் மாறியதே. 1947இன் பிற்பகுதியில், மாதிரி வண்டி ஆயத்தமாயிருந்தபொழுது, அது மிக ஒடுங்கியிருப்பதாக அவர் கண்ணுக்குப் பட்டது. வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டச் செய்தார். இரு பாதிகளையும் மெல்ல விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குல இடைவெளியில் கண் நிறைவுற்றது என்றார். அதற்கிடையில் பம்பர்கள் செய்து குவிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் நடுவே வெட்டி, 4 அங்குலத் தகடு வைத்து இணைத்தனர். மைனரின் பொனற் நடுவே ஓடும் தட்டையான பட்டை அவ்வெட்டின் தழும்பு. அடுத்த முறை ஒரு மைனர் உங்கள் வீதியால் வந்தால் அதை நோக்குக.

நிறுவனத் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு அவ்வண்டியின் உருவம் அறவே பிடிக்கவில்லை. ஆயினும் 1948 ஒக்ரோபரில் அது லண்டன் கண்காட்சியிலே வெளிவந்தது. 1952இல் மொறிசும் ஒஸ்ரினும் ஒன்றாயின; பகைக் குடும்பத்தின் எஞ்சினான ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மைனருக்குட் குடிபுகுந்தது. அவ்வாண்டே இஸிகோனிஸ் அல்விஸ் நிறுவனத்துக்குச் சென்றுவிட்டார். 1956இல் 948, 1962இல் 1098 என எஞ்சின் மேலும் வளர்ந்தது. 1098 வந்தபொழுது முன்சில்லுகளின் பிறேக் உருளையை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருப்பித்தார்கள் என்பதை இங்கே குறித்து வைப்போம், பின்னர்த் தேவைப்படும். 1971இல் இங்கிலாந்திலே கார் உற்பத்தி முடிவதற்கிடையில், மைனர் வகை வண்டிகள் ஏறக்குறைய 16 இலட்சம் பிறந்தன.

1955இன் இறுதியில் மீண்டுவந்த இஸிகோனிஸ், சுயஸ் நெருக்கடியாற் பெற்றோல் அரிதான காலத்தில், மினி வண்டியை வரைந்தார். எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்ப் பெட்டியை அதன் அடியில் ஒளித்து, 10 அடி நீளத்தில் நால்வருக்கு இடங்கொடுத்த அவ்வண்டி 1959 ஓகஸ்றில் வெளிவந்தது. அதன் புகழ் உலகறிந்தது, விரிப்பானேன். எமக்கு வேண்டியது ஜோன் கூப்பரின் செய்தி. பந்தய வண்டி கட்டுவதில் வல்லவரான கூப்பர், மினிக்குப் பெரிய எஞ்சின் ஏற்றி விரைவு வண்டி ஆக்கலாம் என்றார். இஸிகோனிஸ் முதலில் மனங்கொள்ளவில்லை. பாமர மக்களுக்கெனச் செய்த வண்டி பந்தயக்காரர் கைக்குப் போவதா என்பது அவர் தயக்கம். பிறர் வண்டியை அறுத்தும் ஒட்டியும் பழகியவர், தம் வண்டியைப் பிறர் தொடுவதை விரும்பவில்லை! பெரியோரிடத்தும் இத்தகைய முரண் உண்டு. நிறுவனத் தலைமை கூப்பரின் பக்கம் சாய்ந்தது. 1961இல் 848க்குப் பதிலாக 997 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு மினி கூப்பர் பிறந்தது. முன்சில்லுகளுக்குத் தட்டுப் பிறேக்கும் உடன் வந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டத்தில் மினியே முதலிடம் பெற்றது.

இஸிகோனிஸ் 1969இல் சேர் பட்டம் பெற்று, 1971இல் ஓய்வடைந்து, 1988 ஒக்ரோபர் 2ஆந் திகதி பேர்மிங்ஹாமிற் காலமானார்.

இனி, நம் மலைநாட்டுக்கு வருவோம். நுவரெலியா 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையிலும் ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். 803 எஞ்சினுக்கோ மொத்தமே 30 குதிரைவலு. றம்பொடை ஏற்றத்திலே அதில் ஐந்து போய்விட்டால், ஐவர் குடும்பத்தை அவ்வண்டி எவ்வாறு இழுக்கும்? 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் புதிய வண்டிகளின் இறக்குமதி ஒடுங்கிற்று. 1977 வரை அந்நிலை பெரிதும் மாறவில்லை. தேய்ந்த எஞ்சினை எறிந்துவிட்டுப் புதுவண்டி வாங்கும் வழி சாதாரண உத்தியோகத்தருக்கு இல்லை. உள்ளதை மாற்றுவதே வழி.

அதற்கு வாய்த்தது டட்சன் 1200 வண்டியின் 1171 கன சென்ரிமீற்றர் எஞ்சின். வலு இருமடங்கு, பருமனோ மைனரின் முன்பகுதிக்குள் அடங்குவது. முற்றிலும் அந்நியமானதும் அன்று. டட்சனைச் செய்த நிசான் நிறுவனம், 1952இல் ஒஸ்ரினோடு உடன்படிக்கை செய்து, அவர்களுடைய வண்டிகளை யப்பானிலே கட்டிப் பழகியது. அப்பழக்கத்தின் சாயலை அவ்வெஞ்சினிற் காணலாம். ஒருவகையில் உறவினர் வீட்டுப் பிள்ளையே மைனருக்குட் புகுந்தது எனலாம். எனினும் வேலை எளிதன்று. எஞ்சினைத் தாங்கும் பிடிகளைப் புதிதாக வெட்டி ஒட்டவேண்டும். கியர்ப் பெட்டிக்கு இடமாக நடுத்தளத்தைத் திருத்தவேண்டும். பின்னச்சுக்குச் செல்லும் தண்டை அளவுக்கு வெட்டி நேர்பார்க்க வேண்டும். ஒரு மயிரிழை பிசகினும் வண்டி முழுதும் அதிரும். படமும் அளவுகோலும் அரிதான கராஜ்களிலே, கண்ணளவையாலே இதைச் செய்த கம்மியரை நாம் இஸிகோனிசின் மாணாக்கராகவே கருதுகின்றோம். பம்பரை வெட்டி நடுவே தகடு வைத்தவர்களுக்கும் இவர்களுக்கும் தொழிலில் வேற்றுமை யாது?

ஒரு குறையை மட்டும் மறைத்தற்கில்லை. எஞ்சினை மாற்றிப் பிறேக்கை மாற்றாது விடுவோர் உளர். ஏற்றத்தில் வண்டி பறக்கும், உரியவர் மகிழ்வார். இறக்கமோ வேறு கதை. நுவரெலியாவிலிருந்து புசல்லாவை நோக்கி வளைவுக்கு வளைவு பிறேக்கை மிதித்து இறங்கும்போது, சிறிய உருளை சூடேறி விரியும். பட்டையின் பிடி தளரும். மிதித்த கால் தரையைத் தொடும். கீழே பள்ளத்தாக்கு. தொழிற்சாலையார் 1098 ஏற்றியபோது உருளையைப் பெருப்பித்தனர். கூப்பர் 997 ஏற்றியபோது தட்டுப் பிறேக் இட்டார். அவ்விருவருமே எஞ்சினைக் கூட்டியது ஏறத்தாழ ஆறிலொரு பங்குதான். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிய எஞ்சினை ஏற்றும் நாம் பழைய பிறேக்கோடு மலையிறங்குவது எவ்வகையிற் பொருந்தும்? மைனருக்குத் தட்டுப் பிறேக் பொருத்துதல் இயலாததன்று, பலர் பொருத்தியுள்ளனர். எஞ்சினுக்குச் செலவிடும் பணத்திற் சிறு பகுதியே அதற்கு வேண்டும்.

2020இல் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டு 2025 வரை நீடித்தபொழுது, பழைய மைனர்களுக்கு மறுபடியும் மதிப்பு ஏறியது. இடையிலே, 1990களில், மைனருக்கான உறுப்புக்கள் இலங்கையிற் செய்யப்பட்டு, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டதும் உண்டு. எஞ்சின் மாற்றிய வண்டிக்கு, மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலே எஞ்சின் இலக்கத்தைத் திருத்துவித்தல் வேண்டும். வண்டியின் பெயரைக் குறிக்கும் இடத்திலே மொறிஸ் என்பது முன்போலவே நிற்கும்.