பாழடைந்த சமாதியை மீட்ட பெங்களூர் நாகரத்தினம்மா

தமிழ்நாட்டின் திருவையாற்றில், காவிரிக் கரையோரம், ஆண்டுதோறும் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. நூற்றுக்கணக்கான இசைக்கலைஞர்கள் நிலத்தில் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் இதை நேரடியாக மக்களிடம் கொண்டு சேர்த்து வந்துள்ளன. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் உயரமான அன்ரனா கட்டி இந்தியத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் சிலருக்கு அந்தக் காட்சி நினைவிருக்கலாம்.

இன்று ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் அந்த இடத்தில் ஒருகாலத்தில் பெண்களுக்குப் பாட அனுமதி இல்லை. ஆனால் அந்தச் சமாதி அழியாமல் இருப்பதற்கே காரணம் ஒரு பெண்தான். அவர் பெங்களூர் நாகரத்தினம்மா.

1878இல் மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் வந்த புட்டுலட்சுமியின் மகளாகப் பிறந்தார். சிறுவயதிலேயே சமஸ்கிருதமும் இசையும் நடனமும் கற்றார். மைசூரிலும் பெங்களூரிலும் பெயர் பெற்ற பின் சென்னைக்கு வந்து, அக்காலத்தின் முன்னணிப் பாடகிகளில் ஒருவரானார். தன் உழைப்பால் வீடும் நகையும் சேர்த்தார்.

அவர் பாட்டோடு நின்றுவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனம் காவியத்தை, முந்தைய பதிப்பில் வெட்டப்பட்ட பகுதிகளையும் சேர்த்து 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று குற்றஞ்சாட்டி ஆங்கிலேய அரசு அதைத் தடை செய்தது. இந்தியா சுதந்திரம் பெற்ற காலத்தில்தான் அந்தத் தடை நீங்கியது.

1847இல் மறைந்த தியாகராஜரின் சமாதி பராமரிப்பின்றிச் சிதைந்து கிடக்கும் செய்தி 1921இல் நாகரத்தினம்மாவுக்குக் கிடைத்தது. திருவையாற்றுக்குப் போய் அந்த நிலையை நேரில் பார்த்தார். பிறகு தன் பணத்தைப் போட்டு, நகைகளை விற்று, நிலத்தைப் பெற்று, சமாதிக்கு மேல் கோயில் எழுப்பினார்.

அப்போது ஆராதனை நடத்துவதில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்களிடையே இரண்டு அணிகள் இருந்தன. இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. கோயில் கட்டியவருக்கும் அதே நிலைதான். அதனால் 1927இல் தேவதாசிப் பெண்களைத் திரட்டி, பெண்கள் கட்சி என்ற பெயரில் தனியாக ஆராதனை நடத்தத் தொடங்கினார். 1940களின் தொடக்கத்தில் மூன்று தரப்பும் ஒன்றாயின. ஆணும் பெண்ணும் ஒரே விழாவில் பாட வழி பிறந்தது. தொலைக்காட்சியில் நாம் காணும் கூட்டுப்பாடல் அந்த இணக்கத்துக்குப் பிறகு நிலைபெற்றதுதான்.

அவரைப் பற்றி மாற்றுக் கருத்தும் உண்டு. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முன்னெடுத்த சட்டத்தை அவர் எதிர்த்தார். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் அது பறித்துவிடும் என்பது அவரது அச்சம். அந்த முறையில் சிக்கிய சிறுமிகளின் துயரத்தை நினைத்தால் அவருடைய நிலைப்பாட்டை முழுமையாக ஏற்க முடியாது. ஆனாலும் அந்தப் பெண்களுடைய பேச்சையும் கேட்க வேண்டும் என்று அவர் வாதாடியதை ஒதுக்கிவிட முடியாது.

கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்த அவர் 1952 மே 19 அன்று காலமானார். தன் சொத்தைச் சமாதியின் பராமரிப்புக்கே எழுதி வைத்தார். அங்கே பெண்கள் பாடும் உரிமை தொடர வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது அதற்கு 23 ஆண்டுகள் கழித்து, 1975இல்.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல. மாம்புரி இருக்கும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளத்திலும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பெற்றோரின் மையவாடிகளை விட்டுவிட்டு வந்து வாழ்கின்றன. வன்னியில் இடிக்கப்பட்ட துயிலும் இல்லங்களின் கற்களைத் தாய்மார் தேடிப் பொறுக்கியிருக்கிறார்கள். ஒரு கல்லறையைக் காப்பது யார், அங்கே அழவும் பாடவும் யாருக்கு உரிமை உண்டு என்பவை நம்மிடையே இன்னும் தீராத கேள்விகள். நாகரத்தினம்மா அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. முதலில் இடத்தைத் துப்புரவாக்கினார், கட்டினார், பிறகு தன்னைப் போன்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பாடினார்.

தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி அவருடைய சமாதியும் அங்கேதான் இருக்கிறது.