கை கழுவச் சொன்ன வைத்தியர்

சென்ற வாரம் நங்கநல்லூரில் ஒரு வைத்தியசாலைக்கு, சிகிச்சை பெற்றுவரும் நண்பர் ஒருவரைக் காணப் போயிருந்தோம். கை கழுவுமிடத்திலிருந்த ஸோப்புத் திரவப் புட்டி பாதி காலியாயிருந்தது. ஊழியர் ஒருவர் அதைக் கழுவாமலே, பெரிய கேனிலிருந்து மேலும் சிறிது ஊற்றி, குழாய்த் தண்ணீரும் கலந்து நிரப்பிவிட்டுச் சென்றார். சிக்கனம் செய்ததாகவே அவர் எண்ணியிருப்பார். நமக்கோ இக்னாஸ் ஸெம்மல்வைஸின் சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது.

ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஹங்கேரியில், புடா நகரத்து மளிகை வியாபாரி ஒருவரின் மகனாக 1818-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அவர் பிறந்தார். 1846-ல் வியன்னா பெரிய ஆஸ்பத்திரியின் முதல் பிரசவப் பிரிவில் உதவி வைத்தியரானார். அவ்வருஷம் அப்பிரிவில் 4,010 பேரில் 459 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சிகள் கவனித்த இரண்டாவது பிரிவில் 3,754 பேரில் மாண்டவர் 105 பேரே. காற்றிலுள்ள விஷமே பிரசவ ஜுரத்துக்குக் காரணமென்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறினர். அப்படியானால் அந்தக் காற்று அடுத்த பிரிவில் வீசாதா என்ற கேள்வி இளைஞரைத் தூங்கவிடவில்லை.

1847-ம் வருஷம் மார்ச்சில் அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா, பிரேத பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி பட்டு இறந்தார். தாய்மாரிடம் கண்ட அதே அறிகுறிகள் அவருடலிலும் காணப்பட்டன. உண்மை விளங்கிவிட்டது. பிரேதத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகளுக்கோ பிரேதசாலையில் வேலையில்லை. மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் எவரும் உள்ளே வரக்கூடாதென்று உத்தரவிட்டார். 1848-ல் அதே பிரிவில் 3,556 பேரில் மாண்டவர் 45 பேர்தாம்.

இவ்வளவு கண்டும் வைத்திய உலகம் இணங்கவில்லை. தங்கள் கையே யமன் கையாயிருந்ததென்று ஒப்புக்கொள்ளப் பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. 1849-ல் அவருடைய உத்தியோகம் நீடிக்கப்படவில்லை. அவரிடமும் குறையுண்டு. தம் கண்டுபிடிப்பை விரிவான நூலாக்க 1861 வரை தாமதித்தார். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்களென்று கடிந்து பகைமையை வளர்த்தார்.

பெஸ்ட் நகரில் பேராசிரியராயிருந்தபோது நிகழ்ந்ததே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது. கைகள் சுத்தமாயிருந்தும் அங்கு ஜுரம் மீண்டும் தலைதூக்கியது. விசாரித்ததில், வெளுத்து வந்தவையென்று விரிக்கப்பட்ட படுக்கைத் துணிகளில் பழைய கறைகள் இருக்கக் கண்டார். சுத்தமென்று நம்பப்பட்ட பொருளே நோயைச் சுமந்து வந்தது!

1865-ல் சித்தம் கலங்கிய நிலையில் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட அவர், காயம் சீழ்ப்பிடித்து, இரத்தம் விஷமாகி, ஆகஸ்டு 13-ந் தேதி காலமானார். வயது 47.

அன்று துணியில் கண்டதை இன்று புட்டியில் காண்கிறோம். ஸூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா போன்ற கிருமிகள், நீர்த்துப்போன கிருமிநாசினியிலேயே உயிர் வாழ்ந்து பெருகவல்லவை. கழுவாத புட்டியின் அடியில் அவை வழவழப்பான படலமாகப் படிந்திருக்கும். மேலே புதிதாக ஊற்றுவது அவற்றுக்கு ஆகாரமாகிறது. பலமிழந்த நோயாளிக்கு அதுவே ஆபத்து. பாதி காலியான புட்டியில் ஸோப்பை மேலும் ஊற்றலாகாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-லேயே எச்சரித்திருக்கிறது.

காலியான புட்டியைக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே நிரப்பவேண்டும். அன்றேல் புதுப்புட்டி வைக்கவேண்டும். கிருமிநாசினியைக் குறித்த அளவுப்படி கலந்து, கலந்த தேதியைப் புட்டிமேல் எழுதவேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. பொதுஜன சேவையில் ஈடுபட்ட நண்பர்கள் தத்தம் வட்டாரத்து ஆஸ்பத்திரிகளில், அந்தப் புட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்ற ஒரு கேள்வியையாவது கேட்கும்படி வேண்டுகிறோம். ஸெம்மல்வைஸுக்குச் சிலை வைப்பதைவிட அதுவே சிறந்த மரியாதையாகும்.