மாணவர் படைக்கு வித்திட்டவர்

ஒசூர், கிருட்டிணகிரிக் கல்லூரித் திடல்களில் காக்கிச் சீருடை அணிந்த மாணவ மாணவியர் அணிவகுத்து நடப்பதைக் காணலாம். தொழிற்சாலைகள் சூழ்ந்த அவ்வெல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும். எம்மொழியினர் ஆயினும் அணிவகுப்பில் அடியெடுத்து வைப்பது ஒரே தாளத்தில்தான். அந்தத் தேசிய மாணவர் படை தோன்ற வித்திட்டவர் பண்டித இருதயநாத் குன்சுரு.

குன்சுரு 1887ஆம் ஆண்டு ஆக்ராவில் பிறந்தார். 1909இல் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். இளமையிலேயே மனைவியை இழந்த அவர், மறுமணத்தை நாடாது பொதுப்பணியையே வாழ்வாகக் கொண்டார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் முன்னர்த் தலைமை தாங்கிய அச்சங்கத்திற்கு 1936 முதல் தம் இறுதிக்காலம்வரை தலைவராக விளங்கினார். 1918இல் மதன்மோகன் மாளவியாவுடன் இணைந்து சேவா சமிதி சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தார். இளைஞரின் உடல் உறுதியும் தொண்டு மனப்பான்மையும் ஒருங்கே வளரவேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

ஆங்கிலேயர் காலத்திலும் மாணவர்க்குப் படைப்பயிற்சி இருந்தது. முதல் உலகப்போரின்போது ஏற்பட்ட படைவீரர் பற்றாக்குறையை ஈடுசெய்ய 1917இல் பல்கலைக்கழகப் படை அமைக்கப்பட்டது. பின்னர் அது பெயரும் வடிவமும் மாறியும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இந்நிலையில் 1946இல் குன்சுரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. போருக்கு ஆள் திரட்டுவது மட்டுமே மாணவர் படையின் நோக்கமாகலாமா, நற்குடிமக்களை உருவாக்குவதும் அதன் கடமையா என்னும் வினா அக்குழுவின்முன் நின்றது. கல்லூரி மாணவர், பள்ளி மாணவர், மாணவியர் என மூன்று பிரிவுகளை உடைய படையை அமைக்குமாறு 1947இல் அக்குழு பரிந்துரைத்தது.

அதன்வழி 1948இல் சட்டம் இயற்றப்பட்டது. மாணவர் தாமே விரும்பிச் சேரலாம். சேர்ந்தோர் போர்முனைக்குச் செல்லக் கடமைப்பட்டவர் அல்லர். இவை அச்சட்டத்தின் சிறப்புக் கூறுகள். அவ்வாண்டு சூலையில் படை தொடங்கப்பட்டபோது, ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார். மறு ஆண்டே மாணவியர் பிரிவும் மலர்ந்தது.

மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினருள் குன்சுருவும் ஒருவர். அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1956இல் மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. கொள்ளேகால் மைசூருடன் இணைந்தது. ஒசூர் சென்னை மாநிலத்திலேயே நிலைத்தது.

சீனப் போருக்குப்பின் 1963இல் கல்லூரிகளில் மாணவர் படைப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. எனினும், 1968இல் அது மீண்டும் மாணவரின் விருப்பத்திற்கே விடப்பட்டது. அதே ஆண்டில் குன்சுருவுக்குப் பாரத ரத்னா விருது வழங்க அரசு முன்வந்தது. குடியரசில் இத்தகைய பட்டங்கள் கூடா என அரசியல் நிர்ணய சபையில் வாதிட்டவர் அவர். தமக்கென்று வந்தபோதும் அக்கொள்கையை விடாது, விருதினை ஏற்க மறுத்தார். 1978இல் தம் 90ஆம் வயதில் மறைந்தார்.

பிறர் ஏவ நடப்பது பயிற்சியின் தொடக்கம். எவரும் ஏவாமலே நெறியில் நிற்பது அதன் பயன். குன்சுருவின் வாழ்வு அப்பயனுக்குச் சான்றாக நிற்கிறது.